தசைப்பிடிப்பு: காரணமும் காப்பும்

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரையில் மரங்களைச் சீவி, பின்னர்ப் பால் வாளிகளைச் சுமந்து வரும் தொழிலாளர், திடீரெனக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு துடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். சிலருக்கு இது நள்ளிரவில் உறக்கத்தைக் கலைத்துவிடும். “சற்று நேரத்தில் சரியாகிவிடும்” என்று நாம் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மேட்டுச் சரிவில் சுமையோடு இறங்கும்போது கால் பிடித்துக்கொண்டால் பாலும் கொட்டும், எலும்பும் முறியும். ஆகவே இதனை அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

காரணம் என்ன?

நரம்பின் கட்டளைப்படி தசை சுருங்குகிறது; பின்னர்த் தளர்கிறது. கட்டளையின்றியே சுருங்கித் தளராமல் நின்றுவிடுவதே தசைப்பிடிப்பு. இது சில வினாடிகள் முதல் ஏறக்குறைய 10 நிமிடங்கள் வரை நீடிக்கலாம்.

1923ஆம் ஆண்டில் மாஸ் என்னும் ஆய்வாளர், பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் தசைப்பிடிப்பைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். வியர்வையில் உப்பை இழந்தவர்கள் வெறும் நீரையே மிகுதியாகப் பருகியதை அவர் காரணமாகக் காட்டினார். எனினும் நீரும் உப்பும் குறையாதவர்க்கும் பிடிப்பு வருவதால், தசையின் களைப்பே முதன்மைக் காரணம் என இன்று பலர் கருதுகின்றனர். முதுமை, கருவுற்ற நிலை, நீரிழிவு, சிறுநீரக நோய், சிறுநீரை மிகுதியாகப் போக்கும் மாத்திரைகள் ஆகியவையும் காரணங்களாகலாம்.

பிடித்துக்கொண்டால் செய்ய வேண்டியவை

1. கையிலுள்ள கத்தியையும் தோளிலுள்ள சுமையையும் உடனே இறக்கிவைக்க வேண்டும்.

2. கெண்டைக்காலில் பிடித்தால், தரையில் அமர்ந்து முழங்காலை நீட்டி, கால் விரல்களை நம்மை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்கலாகாது.

3. கத்தி பிடிக்கும் கையில் வந்தால், விரல்களை விரித்து உள்ளங்கையை மரத்தில் ஊன்றி மெல்ல அழுத்த வேண்டும்.

4. தசை தளர்ந்தபின் இதமாக நீவிவிட்டு, வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, நீர் பருகி ஓய்வெடுக்க வேண்டும்.

வருமுன் காத்தல்

தாகம் எடுக்கும்வரை காத்திராமல், வெயிலில் வேலை செய்கையில் 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு கோப்பை நீர் பருகுதல் நலம். காலையில் வெறும் கோப்பியோடு புறப்படாமல், உப்பிட்ட கஞ்சியோ வேறு உணவோ உண்டு செல்ல வேண்டும். வேளைக்கு உண்பவர்க்கு உப்பு மாத்திரை தேவையில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் உப்பைக் கூட்டலாகாது. மதுவைத் தவிர்த்தல் வேண்டும்.

படுக்கைக்குச் செல்லுமுன் சுவரில் கைகளை ஊன்றி, குதிகால் தரையில் படிய, ஒரு காலைப் பின்னே நீட்டி அரை நிமிடம் நிற்க வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு காலுக்கும் மும்முறை செய்துவந்தால் இரவுப் பிடிப்பு குறையக்கூடும்.

எச்சரிக்கை

முன்னாளில் மலேரியாவுக்குத் தந்த கொயினா மருந்தைக் கால் பிடிப்புக்கும் உட்கொள்ளும் வழக்கம் இருந்தது. அது இரத்தத்தையும் இதயத்தையும் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என 2006ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்தது. மருத்துவர் சொல்லாமல் அதனைத் தொடலாகாது.

காய்ச்சலோடு கெண்டைச்சதை கடுமையாக வலித்து, கண்களும் சிவந்திருந்தால், அது எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சலாக இருக்கலாம். சேற்றிலும் தேங்கிய நீரிலும் கால் வைக்கும் நமக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். சதைவலி என்றெண்ணி எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தினால், சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். காலத்தோடு மருந்து உட்கொண்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடேறியிருந்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும், அதனை நீவிவிடலாகாது. இவ்விரண்டிலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு நாள் சம்பளம் போனால் மறுநாள் ஈட்டிக்கொள்ளலாம். உடல் கெட்டால் குடும்பமே தளர்ந்துவிடும் என்பதை நாம் மறவாதிருப்போமாக.