நாராயண்காவின் திராட்சைத் தோட்டங்கள்

பிரான்ஸ் தேசத்தின் போர்தோ என்னும் பெருநகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் செயின்ட் எமிலியோன் என்ற சிற்றூர் உள்ளது. திராட்சை மதுவினால் அது உலகப் பெயர் பெற்றது. நம் நாட்டில் அதற்கு ஒப்பான ஊரைத் தேடுவோர், புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 75 கிலோமீட்டர் சென்றால் ஜுன்னர் வட்டத்து நாராயண்காவை அடைவர். அருகே கோடத் கிராமத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கிக் கிண்ணங்களும் நிற்கின்றன. மாணவரை அழைத்து வரும் ஆசிரியர் வானியலையும் தாவரவியலையும் ஒரே நாளில் காட்டிவிடலாம்.

1980-களில் சாம்ராவ் சௌகுலே என்பார் நிறுவிய ஷாட்டோ இண்டேஜ் மதுச்சாலை இங்கு நுரைமது தயாரிக்கத் தொடங்கியது. பிரான்சின் பைப்பர் ஹைட்சிக் நிறுவனத்தார் தொழில்நுட்ப உதவி அளித்தனர். 'ஓமர் கய்யாம்' என்ற பெயரில் அது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று.

ஆயினும் பிரான்சின் முறையை அப்படியே இங்குக் கையாள இயலாது. அங்கே குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். வசந்தத்தில் தானே துளிர்க்கும். தக்காணத்தில் அத்தகைய குளிர் இல்லை, கொடி உறங்குவதுமில்லை. எனவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து அதன் பருவத்தை மனிதனே வகுக்க வேண்டியுள்ளது. ஏப்ரலில் தண்டுகளை அடிவரை வெட்டுவர். பின் எழும் புதுத் தண்டுகளின் மொட்டுகளுக்குள், கோடை வெயிலின் துணையால், வருங்காலப் பூங்கொத்தின் கரு உருவாகிறது. இதைக் கண்ணால் காண இயலாது. ஆகவே அக்காலத்தில் இலைகள் அடர்ந்து நிழல் படிந்தால், அந்தப் பிழை ஆறு திங்களுக்குப் பின்னரே விவசாயிக்குத் தெரிய வரும். அக்டோபரில் அத்தண்டுகளைக் குறைத்து வெட்டினால் பூ வெளிப்படும். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. அக்டோபர் கவாத்துக்குப் பின் காலம் தவறிய மழை பெய்தால், இளந்தளிரில் அடிச்சாம்பல் நோய் சில நாட்களிலேயே பரவிவிடும். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையோ ஒவ்வொரு கவாத்துக்கும் காய்க்கும் இயல்புடையது. தக்காணத்திலோ இரு கவாத்துக்கு ஒரே மகசூல்.

நுரைமதுவின் நுரைக்குக் காரணம் கரியமிலவாயு. ஒருமுறை நொதித்த மதுவைக் குப்பியில் அடைத்து, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடுவர். மீண்டும் நொதித்தல் நிகழும். வெளியேற வழியற்ற வாயு மதுவிலேயே கரைந்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் ஆறு மடங்கு அழுத்தத்தை உண்டாக்கும். இதற்குப் பழத்தில் புளிப்பு மிகுந்திருத்தல் வேண்டும். வெப்பம் ஏறினால் புளிப்பு குறைந்துவிடும். ஆதலால் பழத்தை முற்ற விடாது, விடியற்காலைக் குளிர்ச்சியிலேயே பறிப்பது நலம்.

2001-இல் மகாராஷ்டிர அரசு மதுத்திராட்சைத் தொழிலுக்குச் சலுகைகள் அறிவித்தது. மாநிலத்தில் மதுச்சாலைகள் பெருகின. நிறுவனங்களின் ஒப்பந்தத்தை நம்பிப் பலர் ஷார்டொனே முதலிய வகைகளைப் பயிரிட்டனர். 2008-ஐ ஒட்டி எழுந்த பொருளாதார நெருக்கடியில் விற்பனை சரிந்தது. நாராயண்காவ் நிறுவனமும் கடன் சுமையில் வீழ்ந்தது. பழம் கொடியிலேயே நின்றது.

களப்பணியாளர் இங்கு ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. மதுத்திராட்சை சிறியது, தோல் தடித்தது, விதையுள்ளது. உண்பதற்கென்று சந்தையில் விலைபோகாது; நல்ல உலர்திராட்சையும் ஆகாது. வாங்குவோன் ஒருவனே. அவன் விலகினால் மாற்று வழி இல்லை. தாம்சன் விதையிலாத் திராட்சையைப் பயிரிட்டவர்க்கோ, சந்தை தாழ்ந்தால் உலர்த்தி வைக்கும் வழியேனும் உண்டு. நட்ட கொடி பயன் தர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதையும் எண்ணினால், வகையைத் தேர்வது மண் ஆய்வைக் காட்டிலும் பொறுப்பான செயல் எனத் தோன்றும்.

பலர் கொடிகளைப் பிடுங்கி எறிந்தனர். ஆனால் டாக்ரிட்ஜ் போன்ற வேர்க்கன்றின் மேல் ஒட்டுக் கட்டியிருந்த தோட்டங்களில் அதற்கு அவசியமில்லை. வறட்சியையும் உவர்நீரையும் தாங்கும் அவ்வேர், மேலுள்ள வகை எதுவாயினும் பயன்படும். தண்டை அறுத்து, உண்ணும் வகையின் குச்சியை அதே அடித்தண்டில் ஒட்டினால், ஊன்றிய வேரின் வலுவினால் புதிய நடவைக் காட்டிலும் விரைவில் காய்ப்புக்கு வரும்.