சாணிக் காளான்: பக்தியும் அருவருப்பும் மறைத்தவை

மார்கழி வாசலில் சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப் பூ சூட்டுகிறோம். அதே சாணி தெருவில் கிடந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிறோம். கும்பிட்டாலும் குமட்டினாலும் ஒன்றுதான். அதற்குள் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மேயும் பிராணிகளின் சாணத்தை நம்பியே வாழும் பூஞ்சைகளைப் பற்றித் தப்பான எண்ணங்கள் மண்டிக் கிடப்பதற்கு அதுவே காரணம். அவற்றில் சிலவற்றைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: சாணி தரையில் விழுந்த பிறகு வெளியிலிருந்து வந்து தொற்றுவதுதான் பூஞ்சணம்.

உண்மை: சாணத்துக்கென்றே உள்ள பூஞ்சைகள் பெரும்பாலும் மாட்டின் வயிற்றுவழியாகவே வருகின்றன. புல்லில் ஒட்டியிருக்கும் வித்துகளை மாடு புல்லோடு சேர்த்து விழுங்குகிறது. தடித்த உறை கொண்ட அவை இரைப்பையையும் குடலையும் தாண்டி உயிரோடு வெளியேறுகின்றன. உடற்சூடும் செரிமான நீரும் பட்டால்தான் சிலவற்றுக்கு முளைக்கவே தோன்றும். ஆக, சாணி விழும்போதே வித்தோடுதான் விழுகிறது.

வயிற்றிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் பூஞ்சைகளும் உண்டு. ஆக்ஸிஜன் இல்லாமல் பூஞ்சை வாழாது என்று ஆய்வாளர்களே நெடுங்காலம் நம்பினார்கள். ஆட்டின் இரைப்பையில் வாலாட்டி நீந்திய நுண்ணுயிர்களை விலங்கின ஓரணு உயிரிகள் என்று எழுதிவைத்தார்கள். அவை பூஞ்சையின் வித்துகள் என்று 1975இல் பிரிட்டனின் காலின் ஆர்பின் காட்டினார். வைக்கோலின் நாரை உடைத்துக் கால்நடைக்குத் தீனியாக்குவதில் இந்தப் பூஞ்சைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

நம்பிக்கை: பூஞ்சைக்கு ஏது அசைவு? வித்தைக் காற்றுதான் கொண்டுபோக வேண்டும்.

உண்மை: மாடு தன் சாணியை ஒட்டிய புல்லை மேயாது. சாணிப் பூஞ்சைக்கு இது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. வித்து அங்கேயே உதிர்ந்தால் அடுத்த வயிற்றுக்குள் போக வழியில்லை. பிலோபோலஸ் என்ற பூஞ்சை இதற்கு அசாத்தியமான ஒரு வழி வைத்திருக்கிறது. புதுச் சாணியை ஈரத் தாளின்மேல் வைத்துக் கண்ணாடிக் குடுவையால் மூடி, ஜன்னலோரம் சில நாள் வைத்தால் பெரும்பாலும் அதைப் பார்த்துவிடலாம். ஒரு சென்டிமீட்டர் அளவில் கண்ணாடிபோன்ற காம்புகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் நீர் நிறைந்த குமிழ். அதன்மேல் கறுப்புத் தொப்பி. அந்தத் தொப்பிதான் வித்துப் பை.

குமிழ் லென்ஸாக வேலை செய்து, வெளிச்சம் வரும் திசைக்குக் காம்பைத் திருப்புகிறது. உள்ளே ஏறும் அழுத்தம் ஏறத்தாழ ஐந்து வளிமண்டல அளவு. கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். குமிழ் வெடித்ததும் வித்துப் பை நொடிக்கு 25 மீட்டர் வரையிலான வேகத்தில் பாய்ந்து, இரண்டு மீட்டர் தள்ளியுள்ள புல்லில்கூட ஒட்டிக்கொள்ளும். இந்தச் சவாரியில் ஓசிப் பயணமும் நடக்கிறது: மாட்டின் நுரையீரல் புழுவின் குஞ்சுகள் தொப்பிமேல் ஏறி உட்கார்ந்து, அதோடு சேர்ந்து புல்லுக்குப் பறக்கின்றன.

நம்பிக்கை: பசுஞ்சாணி கிருமிநாசினி, அதில் கிருமி தங்காது.

உண்மை: இதில் ஒரு துளி உண்மை உண்டு. சாணியில் இடத்துக்கும் இரைக்கும் நடக்கும் போட்டியில் பூஞ்சைகள் எதிரிகளைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன. சாணியில் வளரும் கோப்ரினோப்சிஸ் சினெரியா என்ற மைத்தொப்பிக் காளானிலிருந்து, பாக்டீரியாவைக் கொல்லும் கோப்சின் என்ற புரதத்தை ஸூரிச் ஆய்வாளர்கள் 2014இல் பிரித்தெடுத்தார்கள். ஆனால் காளான் சுரக்கும் ஒரு பொருள் வேறு, சாணி வேறு. ஈ.கோலி முதல் டெட்டனஸ் வரை பல கிருமிகள் சாணத்தில் இருக்கலாம். தொப்புள்கொடியில் சாணி வைத்த வழக்கம் எத்தனையோ பச்சிளங்குழந்தைகளை ஜன்னிக்குப் பலி கொடுத்திருக்கிறது. 2021 கொரோனா அலையின்போது குஜராத்தில் சிலர் உடம்பெல்லாம் சாணி பூசிக்கொண்டபோது மருத்துவர்கள் எச்சரித்ததும் இதனால்தான். கருப்புப் பூஞ்சை நோயைத் தரும் ம்யூக்கர் வகைகள் மண்ணிலும் மக்கும் பொருள்களிலும் சாணத்திலும் வளர்பவை. வாசல் தெளிப்பது அவரவர் விருப்பம். புண்ணில் மட்டும் சாணி படக் கூடாது.

நம்பிக்கை: பூஞ்சணம் பூத்த எரு கெட்டுப்போன எரு.

உண்மை: பூஞ்சை படராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். நாரையும் மரத்தன்மையையும் உடைத்து எருவை மக்கவைப்பதில் அதுவும் ஒரு முக்கிய ஆள். சூடேறிய குவியலுக்குள் சாம்பல் தூவியதுபோல் தெரியும் வெள்ளை, பலநேரம் பூஞ்சைகூட அல்ல. ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா வகை. அதுவும் மக்குவதன் அறிகுறியே. குவியலைக் கிளறும்போது தூசி மூச்சில் ஏறாமல் மூக்கில் துணி கட்டிக்கொண்டால் போதும்.

சாணியில் முதலில் ம்யூக்கரும் பிலோபோலஸும், பிறகு சின்னக் கிண்ணம்போன்ற அஸ்கோபோலஸ், கடைசியில் குடைக் காளான்கள் என்று ஒரு வரிசை உண்டு. சர்க்கரை தின்பவை முதலில், நார் தின்பவை பிறகு என்று பாடப்புத்தகங்கள் காரணம் சொல்லின. 1964இல் ஹார்ப்பரும் வெப்ஸ்டரும் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வளரத் தொடங்குகின்றன. வித்து விடும் நிலைக்கு வர ஒவ்வொன்றும் எடுக்கும் காலம்தான் வேறு என்று தெரிந்தது. தப்பான நம்பிக்கை ஆய்வுக்கூடத்திலும் குடியிருக்கும்.

நம்பிக்கை: சாணி மக்கினால் சுவடே இருக்காது.

உண்மை: ஸ்போரோர்மியெல்லா என்ற சாணிப் பூஞ்சையின் கரிய வித்துகள் ஏரிச் சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். வித்து நிறைய இருந்தால் அந்தக் காலத்தில் சுற்றிலும் பெரிய மேய்ச்சல் விலங்குகள் நிறைய இருந்தன என்று பொருள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ஆப்பிள்மன் ஏரிச் சேற்றை ஆராய்ந்தவர்கள் 2009இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சுமார் 14,800 முதல் 13,700 ஆண்டுகளுக்கு முன்னால் இந்த வித்துகளின் எண்ணிக்கை அங்கே சரிந்திருந்தது. மாமூத், மாஸ்டோடான் போன்ற பெரு விலங்குகள் அருகியது அப்போதுதான். காட்டின் மரவகைகள் மாறியதும் பெரும் தீ பெருகியதும் அதற்குப் பிறகே. எலும்பு சொல்லாத கால வரிசையைச் சாணிப் பூஞ்சை சொல்லிவிட்டது.

நம்பிக்கை: சாணியில் முளைத்தது போதைக் காளான், வெள்ளையாக இருந்து, புழுவும் அரித்திருந்தால் அது தின்னும் காளான்.

உண்மை: இரண்டும் ஆபத்து. சாணியில் வளரும் நூற்றுக்கணக்கான இனங்களில் போதை தரும் சைலோசைபின் கொண்டவை வெகு சில. கொடைக்கானல் சுற்றுலாப் பேச்சில் அடிபடும் ‘மேஜிக் மஷ்ரூம்’ அந்த வகை. சைலோசைபின் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. மறுபக்கம், கடையில் வாங்கும் பட்டன் காளானே குதிரை லத்தியில் வளர்க்கப்பட்டுப் பழக்கத்துக்கு வந்ததுதான். நம் புல்வெளிகளில் மழைக்குப் பின் முளைக்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும்; தின்றால் வாந்தியும் பேதியும் புரட்டியெடுக்கும். மனிதனைக் கொல்லும் காளானையும் புழுவும் நத்தையும் சாவகாசமாகத் தின்னும். நிறம், புழு, மஞ்சள்தூள், வெள்ளிக் காசு என்ற சோதனை எதுவும் நம்பத் தக்கதல்ல. இனம் பிரிக்கத் தெரிந்தவர் சொல்லாத காளானை வாயில் வைக்காதீர்கள். தின்றுவிட்டு உடம்புக்கு முடியாமல் போனால், மிச்சக் காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த நஞ்சு என்று மருத்துவர் கண்டுபிடிக்க அது உதவும்.