விண்கலத்தை ஓட்டுவது யார்?



அவிநாசிபாளையம் போன்ற திருப்பூர் வட்டார ஊர்களில் வாழ்பவர்களுக்கு பனியன் துணி பின்னும் வட்ட இயந்திரம் புதிதன்று. அது சுழன்றுகொண்டிருக்கும்போது ஒரு நூல் அறுந்தால் என்ன ஆகும்? உடனே விளக்கு எரியும்; இயந்திரம் தானாகவே நின்றுவிடும். ஓட்டுபவர் வந்து நூலை முடிந்து மறுபடியும் ஓடவிடுவார்.

இப்போது ஒரு கற்பனை செய்வோம். அந்தத் தானியங்கி நிறுத்தி இல்லை. ஓட்டுபவரோ வெகு தொலைவில் இருக்கிறார். நூல் அறுந்த செய்தி 12 நிமிடம் கழித்துத்தான் அவருக்குத் தெரிகிறது. 'நிறுத்து' என்று அவர் இடும் கட்டளை போய்ச் சேர மேலும் 12 நிமிடம் ஆகிறது. இயந்திரம் நிமிடத்திற்கு 25 சுற்று சுற்றுவதாகக் கொண்டால், அதற்குள் 600 சுற்றுத் துணி பாழாகிவிடும் அல்லவா?

நம் நாட்டு விஞ்ஞானிகள் இதே சிக்கலை உண்மையிலேயே எதிர்கொண்டார்கள். ஆனால் அங்கே பாழாகக் கூடியது துணி அன்று; செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம்.

பெங்களூரில் 'இஸ்ட்ராக்' எனப்படும் இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. இதன் பணிகளை மூன்றாகப் பிரிக்கலாம். விண்கலம் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கண்டறிவது முதற்பணி. கலத்தின் வெப்பநிலை, மின்னழுத்தம், எரிபொருளின் அழுத்தம் முதலிய அளவீடுகளை ரேடியோ அலை மூலம் பெறுவது இரண்டாவது பணி. கலத்திற்குக் கட்டளை அனுப்புவது மூன்றாவது பணி. மருத்துவர் நோயாளி இருக்கும் இடத்தைக் கேட்டறிந்து, நாடி பார்த்து, மருந்து கொடுப்பதைப் போன்றது இது எனலாம்.

இந்த மூன்று பணிகளுக்கும் தூதுவன் ரேடியோ அலைதான். அதன் வேகம் வினாடிக்கு சுமார் 3 லட்சம் கி.மீ. இதைவிட விரைவாக எந்தச் செய்தியும் செல்ல இயலாது. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள செய்தித்தொடர்புச் செயற்கைக்கோளுக்குக் கட்டளை 0.12 வினாடியில் சென்றுவிடும். 3,84,000 கி.மீ. தொலைவிலுள்ள நிலவுக்குச் செல்ல சுமார் 1.3 வினாடி பிடிக்கும். செவ்வாய்க்கு?

மங்கள்யான் 2013 நவம்பர் 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இத்திட்டத்தின் பொறுப்பாளர்களில் ஒருவரான மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியைச் சேர்ந்தவர். முதல் சில வாரங்கள் கலம் பூமியையே சுற்றிவந்தது. அவ்வப்போது அதன் எந்திரத்தை இயக்கிப் பாதையை நீட்டினார்கள். நவம்பர் 11-ஆம் நாள் ஒரு தடங்கல் ஏற்பட்டது. கலம் பூமியிலிருந்து 1 லட்சம் கி.மீ. வரை எட்டியிருக்க வேண்டும். ஆனால் 78,276 கி.மீ. வரைதான் எட்டியது. கட்டுப்பாட்டு மையத்தார் காரணத்தை ஆராய்ந்தார்கள். மறுநாளே புதிய கட்டளை அனுப்பி, அதை 1,18,642 கி.மீ. வரை உயர்த்தினார்கள். கலம் பூமியைச் சுற்றி மீண்டும் மீண்டும் அருகில் வந்ததால் பிழையைத் திருத்த அவகாசம் கிடைத்தது.

செவ்வாயில் அந்த அவகாசம் இல்லை. 2014 செப்டம்பர் 24-ஆம் நாள் கலம் செவ்வாயை நெருங்கும்போது எந்திரம் எதிர்த்திசையில் எரிந்து, வேகத்தை வினாடிக்கு சுமார் 1.1 கி.மீ. குறைக்க வேண்டும். அப்போதுதான் செவ்வாயின் ஈர்ப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்திரம் எரியாவிட்டால் கலம் செவ்வாயைக் கடந்து போய்விடும், திரும்பி வராது. அன்று செவ்வாயின் தொலைவு சுமார் 22 கோடியே 40 லட்சம் கி.மீ. இதை 3 லட்சத்தால் வகுத்தால் 747 வினாடி கிடைக்கும். அதாவது, ஏறத்தாழ பன்னிரண்டரை நிமிடம்.

எனவே கட்டுப்பாட்டு மையத்தார் செய்தது என்ன? எந்த வினாடியில் கலம் திரும்ப வேண்டும், எப்போது எந்திரம் எரிய வேண்டும் என்பவற்றை நேரம் குறித்த கட்டளைகளாக எழுதி, பத்து நாட்களுக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். வேகமாற்றத்தை அளக்க முடுக்கமானி கலத்திலேயே இருந்தது. பெரிய எந்திரம் கைவிட்டால், எட்டுச் சிறு எந்திரங்களைக் கொண்டு சமாளிக்க மாற்றுத் திட்டமும் இருந்தது. ஏறக்குறைய 300 நாட்கள் உறங்கிக்கிடந்த பெரிய எந்திரத்தைச் செப்டம்பர் 22-ஆம் நாள் 4 வினாடி மட்டும் எரித்துச் சோதித்துக்கொண்டார்கள்.

அந்த நாளும் வந்தது. இந்திய நேரப்படி காலை 7.17 மணிக்கு எந்திரம் எரியத் தொடங்கியது. அச்செய்தி பெங்களூரை அடைந்தபோது மணி 7.30. அதற்குள் மொத்த எரிப்பில் பாதி முடிந்துவிட்டிருந்தது! சற்று நேரத்தில் கலம் செவ்வாயின் பின்புறம் மறைய, தொடர்பும் அற்றுப்போனது. சுமார் 23 நிமிடம் எரிந்து எந்திரம் அணைந்ததை அந்நேரத்தில் யாரும் அறியவில்லை. கலம் மறுபுறம் வெளிப்பட்ட பின்னர், 8 மணி அளவில்தான் நல்ல செய்தி வந்தது.

அப்படியானால் விண்கலத்தை ஓட்டியது யார்? அந்த 23 நிமிடமும் கலம் தானே ஓடியது. ஆனால் எப்படி ஓட வேண்டும், எது தவறினால் என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லாம் முன்கூட்டியே சிந்தித்து எழுதியவர்கள் மனிதர்கள். நூல் அறுந்தால் நிற்கும்படி பின்னல் இயந்திரத்தை அமைத்தவரும் இதையேதான் செய்தார். தொலைவு கூடக்கூட, கட்டளை இடுபவரின் வேலை கையைவிட்டு மூளைக்கு மாறுகிறது.

இவ்வாறு கற்பிக்கப்பட்ட கலம் நன்றாகவே உழைத்தது. 2015 ஜூன் மாதத்தில் செவ்வாய் சூரியனுக்குப் பின்புறமாகச் சென்று தொடர்பு தடைப்பட்ட நாட்களிலும் அது தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. ஆறு மாதத்திற்கென அமைக்கப்பட்ட மங்கள்யான், 2022 ஏப்ரலில் தொடர்பு அறும்வரை ஏழரை ஆண்டுகள் செவ்வாயைச் சுற்றியது.

நீங்களே கணக்கிடுங்கள்: செவ்வாய் மிக அருகில் வரும்போது சுமார் 5.6 கோடி கி.மீ. தொலைவிலும், மிக விலகும்போது சுமார் 40 கோடி கி.மீ. தொலைவிலும் இருக்கும். கட்டளை போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வர ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு நேரம் ஆகும்?

(விடை: சுமார் 6 நிமிடம் 13 வினாடி; சுமார் 44 நிமிடம் 27 வினாடி.)