கோடைக்கு ஈடுகொடுக்கும் மாட்டுத் தண்ணீர்த் தொட்டி

மேட்டூர் அணை வழக்கமாய் ஜனவரி 28ந் தேதி மூடப்பட்டு, நீர் இருப்புக்குத் தக்கபடி ஜூன் 12ந் தேதி திறக்கப்படுவது. இவ்விரண்டு தேதிகளுக்கும் இடையே 135 நாட்கள் உள்ளன. ஸ்ரீரங்கம் தாலுகாவில் மாடு வைத்திருப்போருக்கு வருஷத்தில் மிகவும் கடினமான காலம் இதுவே. குடிநீருக்காக விடப்படும் சிறு ஓட்டம் நீங்கலாகக் காவேரியில் மணலே காணப்படும், கொள்ளிடத்திலும் அவ்வாறே. வாய்க்கால்களில் அடிச்சேறு வெடித்துக் கிடக்கும். தேங்கிய இடங்களில் நிற்பது அழுக்கு நீரேயன்றி வேறன்று. மற்ற மாதங்களில் மேயப் போகும் வழியெங்கும் வாய் வைத்துக் குடித்து வந்த மாடு, இக்காலத்தில் மனிதன் ஊற்றினால் குடிக்கும். ஊற்றாவிட்டால் தாகத்துடன் நிற்கும். ஆகவே, எத்தகைய தொட்டியில் ஊற்றுவது என்பது அற்ப விஷயமன்று.

முதலில் ஒரு மாட்டுக்கு எவ்வளவு ஜலம் தேவை என்பதை அறிதல் வேண்டும். பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 87 பங்கு ஜலமே ஆகும். கறவை வற்றிய பசு நாளொன்றுக்கு 30 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் மேற்கொண்டு மூன்று அல்லது நான்கு லிட்டர் வேண்டும். பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு இக்கணக்கின்படி சுமார் 70 லிட்டர் ஆகிறது; திருச்சிராப்பள்ளியின் சித்திரை வெயிலில் இதுவும் போதாது. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி வைத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணுவோர் பலர். அவ்விரண்டு வாளியும் சேர்ந்து 30 லிட்டர்தான். பால் குறைந்ததும் அவர்கள் தீவனத்தைக் குறை கூறுவர், பிண்ணாக்கை அதிகமாக்குவர், மாட்டை விற்றுவிடவும் துணிவர். ஜலம் குறைந்தால் மாடு தீவனத்தையும் குறைத்தே தின்னும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. விலையில்லாத பொருளின் குறைவை விலைகொடுத்து வாங்கிய பொருளால் ஈடுசெய்ய இயலாது.

மாடு குடிக்கும் விதத்தையும் அறிந்துகொள்ளவேண்டும். கறந்து முடிந்தவுடனும், தீவனம் தின்றவுடனும் அது ஜலத்தை நாடுகிறது. அப்பொழுது நிமிஷத்துக்குப் பத்து முதல் இருபது லிட்டர் வரை உறிஞ்ச வல்லது. சிறிய பாத்திரம் ஒரே நிமிஷத்தில் காலியாகிவிடும். ஆள் போய் மறுபடி மொண்டு வருவதற்குள் மாடு வேறு பக்கம் திரும்பிவிடும். சூடேறிய ஜலமாயின் வாயை வைத்துவிட்டு ஒதுங்கிவிடும். எனவே தொட்டியிடம் எதிர்பார்க்கவேண்டிய குணங்கள் இரண்டு: ஒரே மூச்சில் குடிக்கப் போதிய கொள்ளளவு; பிற்பகலிலும் ஜலம் சுடாமை.

இவ்விரண்டையும் கொண்டு நடைமுறையில் உள்ள பாத்திரங்களைச் சோதித்துப் பார்க்கலாம். வீட்டு வாசலில் இருக்கும் பழைய குழுதாடி, மண்ணால் ஆனதாயின், ஜலத்தைக் குளிர்ச்சியாய் வைப்பதில் அதற்கு இணை இல்லை. கசிந்து வெளிவரும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் உஷ்ணத்தைக் கொண்டுபோய்விடுகிறது. ஆயினும் ஒரு கொம்பு பட்டால் அதன் ஆயுள் முடிந்தது; கழுநீருக்கு அது தக்கதே தவிர, நாளெல்லாம் குடிப்பதற்குப் போதாது. பாதியாய் அறுத்த பிளாஸ்டிக் பீப்பாய் மலிவு. ஆனால் சுவர் மெல்லியது. அது கறுப்பு நிறமாயும் வெயிலில் வைக்கப்பட்டதாயும் இருந்தால் பகல் இரண்டு மணிக்கு அதிலுள்ள ஜலத்தில் கையை வைத்துப் பார்ப்பதே போதிய பரீட்சை. ரசாயனங்கள் வந்த பீப்பாயை என்ன கழுவினாலும் உபயோகிக்கலாகாது. இரும்புத் தொட்டி வெயிலில் விரைவில் காய்வதோடு துருவும் பிடிக்கும். கல்தொட்டி பரம்பரைக்கும் நிற்கும். பழைய கிணற்றடிகளில் கிடப்பவற்றைப் புறக்கணியாமல் கழுவி உபயோகித்தல் நலம். புதிதாய்ச் செய்விக்கக் கூலி மிகும்.

சாதாரண அங்கத்தினருக்கு மிகவும் தக்கது சிமெண்டு உறையே. கிணற்றுக்கு இறக்கும் உறைகளில், மூன்றடி விட்டமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள ஒன்றை ஓரடிக்குக் குறைவான மேடையின்மேல் அமர்த்தி, அடியைக் காரையால் அடைத்துவிட்டால், விளிம்பு வரை சுமார் 300 லிட்டர் கொள்ளும் தொட்டி ஆகிவிடும். நாலு பசுக்கள் உள்ள வீட்டுக்கு அது ஒருநாளைய தேவையை ஒட்டியது. அடியில் ஜலத்தை வடிப்பதற்கு ஒரு குழாயும் அடைப்பும் வைக்காமல் பூசிவிடுவது பெரும் பிழை. வடிக்க வழியில்லாத தொட்டியை ஒருவரும் கழுவுவதில்லை.

குளிர்தேசங்களில் இந்தப் பிரச்னை தலைகீழாய் இருக்கிறது. கானடா முதலிய நாடுகளில் மாரிக்காலத்தில் தொட்டி ஜலம் கட்டியாய் உறைந்துவிடும். உறையும்போது ஜலம் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருத்துக்கொள்வதால் இரும்புக் குழாயும் வெடிக்கும், காரையும் பிளக்கும். அங்குள்ளவர்கள் குழாயை உறைபனி எட்டாத ஆழத்தில் புதைக்கிறார்கள். மிகுந்த குளிருள்ள பிரதேசங்களில் அது ஆறடிக்கும் மேற்பட்டது. தொட்டியின் சுவரை இரட்டையாக்கி நடுவில் வெப்பம் கடவாத பொருளை அடைக்கிறார்கள். மேலே மூடி, மாடு மூக்கால் தள்ளினால் விலகி மறுபடி தானே அடைத்துக்கொள்ளும் பந்தை வாயில் வைக்கிறார்கள். வேண்டிய இடங்களில் மின்சாரத்தாலும் சூடேற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் உறைபனியைக் காண உதகமண்டலம் போன்ற உயர்ந்த மலைப்பிரதேசங்களின் பள்ளத்தாக்குகளுக்குத்தான் போகவேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்குப் புல்வெளி வெளுத்துக் காணும். தொட்டியில் மெல்லிய ஏடு படிந்தாலும் வெயில் ஏறியதும் கரைந்துவிடும். காலையில் அந்த ஏட்டை உடைத்துவிடுவதும், வெளியே கிடக்கும் குழாயை இரவில் வடித்துவிடுவதும் போதுமானவை. பந்து மூடியும் மின்சாரமும் அங்கு வீண் செலவாகும்.

ஸ்ரீரங்கத்து விவசாயிக்குக் கானடாவின் கதை எதற்கு என்று தோன்றலாம். குளிரைத் தடுக்கும் சுவரே வெயிலையும் தடுக்கும் என்பதே இதில் கொள்ளவேண்டிய பாடம். கனத்த சுவர், வெளிக்குத் தெரியாத குழாய், குறைந்த திறப்பு, அடிக்கடி மாறும் ஜலம் ஆகிய இவை இரண்டு தேசங்களுக்கும் பொது. மாறுவது மேற்கூரை ஒன்றுதான்: அங்கு வெயில் படும்படி வைப்பார்கள், இங்கு நிழலில் வைக்கவேண்டும்.

சங்கமே பொதுத்தொட்டி கட்ட முன்வருமாயின், பத்தடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உட்புறத்தில் இருக்கும்படி செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டலாம். ஒன்றேகால் அடி வரை நிரப்பினால் சுமார் 700 லிட்டர் நிற்கும். மாடு ஒன்றுக்கு இரண்டரை அடி இடம் வேண்டுமாகையால், ஒரு பக்கத்தில் நாலு மாடுகள் நெருக்கமின்றிக் குடிக்கும். விளிம்பு தரையிலிருந்து இரண்டு முதல் இரண்டரை அடி உயரத்தில் இருக்கட்டும். கன்றுகளுக்கு ஒரு கோடியில் ஒன்றரை அடியிலும், ஆடுகளுக்கு ஓரடியிலும் தனியாய் ஒரு சிறு தொட்டி அவசியம். விளிம்பை உருட்டாய்ப் பூசுதல் வேண்டும். கூர்மையான விளிம்பு மாட்டின் கழுத்தை அறுக்கும். தொட்டிச் சுவரில் மாடு உரசிக்கொள்வதைத் தடுப்பதற்கு முன்னோர் நல்ல வழி கண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய சாலைகளில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே ஆவுரிஞ்சிக் கல் என்ற கல்தூணை நட்டிருப்பதைக் காணலாம். தினவு எடுத்த மாடு அதில் உரசிக்கொள்ளும், தொட்டி பிழைக்கும். ஒரு கல்லுக்கு ஆகும் செலவு பெரிதன்று.

பந்தலைத் தென்னங்கீற்றால் போடுவதே நலம். தகரக் கூரை வெயிலைத் தடுத்தாலும் தானே காய்ந்து உஷ்ணத்தைக் கீழே வீசும். மேற்குப் பக்கம் கீற்றைத் தாழ இறக்கவேண்டும். பிற்பகல் வெயில் சாய்ந்து வந்து தொட்டியின்மேல் விழுவது அத்திசையிலிருந்துதான். மரநிழல் இன்னும் மேலானதே; ஆனால் வேம்பும் புங்கும் கோடைத் தொடக்கத்தில் இலையுதிர்ப்பவை. உதிர்ந்த இலை தொட்டியில் அழுகி ஜலத்தைக் கறுப்பாக்கும். ஆதலால் மரத்தின் நேர் அடியில் வைக்காமல், நிழல் விழும் கிழக்குப் புறத்தில் சற்றுத் தள்ளி வைத்தால் பிற்பகலுக்கு நிழல் கிடைக்கும், இலையும் குறையும்.

ஜலம் வரும் குழாயைத் தரையின்மேல் விட்டுவிட்டு, நிழலில் தொட்டி கட்டி என்ன பயன்? கறுப்புக் குழாயில் பகலெல்லாம் காய்ந்த ஜலம் திறந்தவுடன் கொதிநீர்போல் வந்து விழும். ஒன்றரை அடி ஆழத்தில் குழாயைப் புதைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும். மிதவை அடைப்பு வைப்பதாயின், மாட்டின் வாய் எட்டாதபடி அதன்மேல் சிறு காரைப் பெட்டி கட்டவேண்டும். இல்லையேல் முதல் வாரத்திலேயே அது முறிந்துபோகும். திறந்த தொட்டியிலிருந்து ஜலம் ஆவியாய்ப் போய்விடுமே என்று சிலர் அஞ்சுவர். மேற்சொன்ன பெரிய தொட்டியில் கடுங்கோடையிலும் அவ்வாறு போவது நாளொன்றுக்குச் சுமார் 15 லிட்டர்தான். கசியும் அடைப்பினால் ஓரிரவில் போவது அதைப் பன்மடங்கு மிஞ்சும். தொட்டியைச் சுற்றி ஆறடிக்குக் கல் பாவி, சிந்தும் ஜலம் ஒரு வாழைப் பாத்திக்கு ஓடும்படி சரிவு வைத்தல் அவசியம். சேற்றில் நிற்கும் மாட்டுக்குக் குளம்பு அழுகும்.

ஆழ்துளைக் கிணற்று ஜலம் உவராயிருந்தால் கட்டுவதற்கு முன்னரே பரிசோதிக்கவேண்டும். ஒரு லிட்டரில் கரைந்த உப்புகள் 3000 மில்லிகிராமுக்கு உட்பட்டிருந்தால் மாடுகள் பெரும்பாலும் தீங்கின்றிக் குடிக்கும். புதிதாய் வந்த மாட்டுக்குச் சில நாட்கள் பேதி காணலாம். 5000க்கு மேற்பட்டால் கறவை மாட்டுக்கு அந்தக் கிணறு ஏற்றதன்று.

பொதுத்தொட்டிக்கு ஒரு பெரிய பிரதிகூலம் உண்டு. அதை மறைப்பது தகாது. கோமாரி கண்ட மாட்டின் உமிழ்நீரில் நோய் விஷம் மிகுதியாய் இருக்கிறது. அவ்வாறான ஒரு மாடு வாய் வைத்தால் தொட்டி முழுவதும் நோய்க்குக் காரணமாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடாத மாட்டைப் பொதுத்தொட்டிக்கு அனுமதிப்பதில்லை என்று சங்கம் தீர்மானித்துக்கொள்ளவேண்டும். கிராமத்தில் வாயிலும் குளம்பிலும் கொப்புளம் கண்டதாய்ச் செய்தி வந்த அன்றே தொட்டியை வடித்து மூடிவிட்டு, அவரவர் வீட்டு உறையிலேயே காட்டுவது முறை. பத்து லிட்டர் ஜலத்தில் 400 கிராம் சலவைச் சோடா கரைத்து உட்புறம் முழுவதும் தேய்த்து, நன்றாய் அலசிய பின்னரே மீண்டும் நிரப்பலாம். இக்காரணத்தால், பொதுத்தொட்டி உள்ள ஊரிலும் வீட்டுத்தொட்டியை எடுத்துவிடலாகாது.

சாதாரண காலத்தில் வாரம் ஒருமுறை தொட்டியை முழுவதும் வடித்துத் தேய்த்து, ஒருவேளை உலரவிடவேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாட்களாகுமாகையால் வாரக்கணக்கு தவறக்கூடாது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை உட்புறம் சுண்ணாம்பு அடித்துக் காயவைத்தால் பாசி ஏறுவது குறையும். பச்சைப் பாசி படர்ந்த ஜலத்தை மாடு விரும்பாது. அதில் சில வகை நஞ்சும் உண்டு. இவ்வேலையை இன்னார் இன்ன கிழமையில் செய்வதென்று அங்கத்தினர்களின் பெயர்களைப் பால் கொள்முதல் பலகையின் பக்கத்திலேயே எழுதி மாட்டுவது நலம். தவறியவர் பெயரைக் காலையில் பால் ஊற்ற வரும் எல்லோரும் பார்ப்பார்கள்.