விழுங்கும்போது புரையேறும் முதியோருக்கு

பக்கவாதத்தாலோ நடுக்குவாதத்தாலோ தொண்டைத் தசைகள் தளர்ந்து, ஒரு வாய்த் தண்ணீருக்கே புரையேறி அவதியுறும் பெரியவர்கள் இல்லத்தில் இருப்பின், இவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

1. படுக்கையில் சாய்த்தபடி ஊட்டாமல், நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டி, உண்டபின்னும் அரைமணி நேரம் அவ்வாறே இருக்கச் செய்யுங்கள். உணவு மேலேறி மூச்சுக்குழலுள் நுழைவது குறையும்.

2. ஹைதராபாத் பெரியவர்கள் மாலைதோறும் பிரியமாய்க் கேட்கும் இரானி சாயையும் உஸ்மானியா பிஸ்கத்தையும் ஒருசேரக் கொடாதீர்கள். தொண்டை ஆயத்தமாகுமுன்பே சாய் விரைந்து இறங்கிவிட, பிஸ்கத்துத் துகளோ கன்னத்து ஓரத்தில் தங்கியிருந்து, நாம் எதிர்பாராத வேளையில் வழுக்கிச் செல்லும்.

3. ஒரு சிறு கரண்டி விழுங்கியதும் அவரைப் பேசச் சொல்லுங்கள். குரல் ஈரம் பட்டாற்போல் களகளத்தால், இருமச் செய்து, ஊட்டுவதை நிறுத்துங்கள். இருமலே இன்றியும் நீர் நுரையீரலில் இறங்குவதுண்டாதலால், இச்சோதனை ஒன்றையே நம்பியிருத்தல் ஆகாது.

4. காலையும் இரவும் வாயையும் பல்செட்டையும் சுத்தம் செய்யுங்கள். எச்சிலோடு இறங்கும் கிருமிகளால் நிமோனியா வரக்கூடும்.

5. மோவாயைத் தாழ்த்தி விழுங்குதல், முழுப் பலத்துடன் விழுங்குதல் முதலிய அப்பியாசங்களைப் பேச்சுப் பயிற்சி நிபுணர் பரிசோதித்த பின்னரே தொடங்குங்கள். ஒருவருக்கு அனுகூலமானது மற்றொருவருக்கு அபாயமாகலாம். ஹைதராபாத்வாசிகள் எனில், பஞ்சகுட்டா நிம்ஸ் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலோ, செகந்திராபாத் மனோவிகாஸ் நகரின் அலி யாவர் ஜங் பேச்சு, செவித்திறன் நிலையத்திலோ முதலில் விசாரியுங்கள்.