ஜப்பான் இனிப்பு சாப்பிடப் போகிறாயா? அக்காவின் டிப்ஸ்

கொழும்பில் ஜப்பான் சாப்பாடு புதிதில்லை. தர்ஷன் முனிதாசவின் நிஹொன்பாஷி உணவகம் 1995இலேயே திறந்துவிட்டது. இப்போது சின்னச் சின்னக் கஃபேக்களின் மெனுவிலும் மோச்சி, மாட்சா என்று பேர்கள் வந்துவிட்டன. பாண்டிருப்பிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் போய் நிற்கிற தங்கச்சிமாரே, பேரைப் பார்த்து மிரள வேண்டாம். எதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டு ஓடர் பண்ணினால் போதும்.

1. பயறில் தொடங்கு
டொரேமான் கார்ட்டூனில் அந்தப் பூனை ஆசையாகத் தின்பது டொராயாகி. இரண்டு குட்டிப் பான்கேக்குக்கு நடுவே, அசுகி என்ற சிவப்புப் பயறை அவித்து மசித்துச் சீனியோடு கிளறி வைத்திருப்பார்கள். மோதகம் தின்று வளர்ந்த நாக்குக்கு அது உடனே பிடித்துவிடும். தேங்காய்ப்பூவும் ஏலமும்தான் இருக்காது.

2. மோச்சியை முழுசாக வாயில் போடாதே
பசையுள்ள அரிசியில் செய்வதால் இழுபடும், தொண்டையில் ஒட்டும். ஜப்பானிலேயே புதுவருட நாட்களில் வயதானவர்கள் மோச்சி விக்கி ஆஸ்பத்திரிக்குப் போவது உண்டு. சின்னப் பிள்ளைக்கும் அம்மம்மாவுக்கும் துண்டு துண்டாக வெட்டிக் கொடு. ஐஸ்கிரீம் மோச்சி என்றால் வந்தவுடன் கடிக்காதே. விரலால் மெல்ல அமத்திப் பார்; குழி விழுந்தால்தான் பதம்.

3. மாட்சாவைப் பகலில் குடி
பறிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே நிழலில் வளர்த்த தேயிலையை அவித்துக் காயவைத்து மாவாக அரைப்பதுதான் மாட்சா. சாயத்தை வடித்துக் குடிப்பதுபோல் இல்லை, இலையே வயிற்றுக்குள் போகிறது. இரவில் குடித்தால் நித்திரை வராது. முதல் தடவை ஐஸ்கிரீமாகவோ பால் கலந்தோ எடு, கசப்பு அடங்கியிருக்கும். நல்ல மாட்சா பளிச்சென்ற பச்சை. மஞ்சளடித்திருந்தால் தரம் குறைந்தது அல்லது பழசு.

4. ‘ஹலாலா?’ என்று மட்டும் கேட்காதே
கூட வருகிற மருதமுனைக் கூட்டாளிக்காக மட்டுமில்லை, திரௌபதை அம்மன் தீமிதிக்கு நேர்ந்து சைவமாக இருக்கும் நாளில் உனக்கும் இந்த விசாரிப்பு வேண்டும். மூஸ், சுடாத சீஸ்கேக் இரண்டிலும் பெரும்பாலும் மிருகத்திலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். டொராயாகி மாவில் மிரின் என்ற அரிசி மதுவைச் சிலர் சேர்ப்பார்கள். ஆகவே, “ஜெலட்டின் எதில் எடுத்தது? மிரின், ரம் ஏதும் போட்டிருக்கா?” என்று பிரித்துக் கேள். வெயிட்டர் தடுமாறினால் குசினியில் விசாரித்து வரச் சொல். ஜப்பான்காரரின் கன்டென் ஜெலி வேறு. நோன்பு காலத்தில் கல்முனை வீடுகளில் காய்ச்சும் கடற்பாசி இனம்தான் அது.

5. சூஃப்லே பான்கேக்கை முதலில் சொல்லிவிடு
முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, ஓடர் கொடுத்த பிறகே சுடுவார்கள். பதினைந்து இருபது நிமிடம் பிடிக்கும். மேசைக்கு வந்த கையோடு அமுங்கத் தொடங்கிவிடும்; ஒரு போட்டோ போதும், சாப்பிடு.

6. பில்லை முன்கூட்டியே கணக்குப் பார்
மெனு விலைக்கு மேல் வழமையாக 10 வீத சேவைக் கட்டணம், வற் பதிவுள்ள கடையென்றால் அதற்கும் மேல் 18 வீதம். 1,000 ரூபாய்த் தட்டு 1,298 ஆகிவிடும். இரண்டு பேருக்கு ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்தால் பிடிக்காவிட்டாலும் நட்டம் பாதிதான்.

7. ஊருக்குப் பார்சல்
கல்முனை இரவு பஸ்ஸில் கிரீம் வைத்த எதுவும் தாங்காது. பயறு வைத்த மோச்சியைப் பிரிட்ஜில் வைத்தால் இறுகிப்போகும். கஸ்டெல்லா கிடைத்தால் வாங்கு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் நாகசாகியில் பழக்கிவிட்ட கேக் அது. கிரீம் இல்லை, பக்கெட் உடைக்காவிட்டால் சில நாள் கெடாது. ஐஸ்கிரீம் மோச்சியை மட்டும் அங்கேயே முடித்துவிட்டு பஸ் ஏறு.