அப்பத்தா பொம்மைக்கு ஒரு பழைய ஸ்வெட்டர்

முகத்தில் ஆரம்பிக்காதே தங்கச்சி. கண், மூக்கு என்று வரைய உட்கார்ந்தால், அப்பத்தா ஜாடை வரவில்லையே என்று பாதியில் போட்டுவிடுவாய். ஆளைக் காட்டிக்கொடுப்பது உடுப்பும் கை போகிற போக்கும்தான். அப்பத்தா என்றால் இடுப்புச் சுருக்குப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் கை. தாத்தா என்றால் மங்கி குல்லா. முதலில் அதை முடிவு செய்.

நம் பொம்மலாட்டத்து மரப்பொம்மை 4.5 அடி உயரம், 10 கிலோ எடை வரை போகும். ஆட்டுகிறவர் தலையில் வளையம் மாட்டி, அதில் கயிறு கட்டி ஆட்டுவார். வீட்டுக்கு அது ஆகாது. கைக்குள் மாட்டுகிற பொம்மை போதும்: ஆள்காட்டி விரல் தலைக்கு, கட்டைவிரலும் நடுவிரலும் கைகளுக்கு. அந்த மூன்றையும் விரித்துத் தாளில் வைத்து வரைந்து, சுற்றிலும் ஒரு அங்குலம் விட்டு வெட்டு. ஆட்டப்போவது பிள்ளை என்றால் பிள்ளையின் கையை வரை. தொளதொளவென்று இருந்தால் தலை நிற்காது.

துணிக்குக் கடைக்குப் போகாதே. கொடைக்கானல் வீட்டில் கிழிந்த ஸ்வெட்டருக்கா பஞ்சம்? ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார். முடி கருகும் வாடையோடு சாம்பல் பொடிந்தால் அசல் கம்பளி. உருகிக் கெட்டியானால் செயற்கை நூல். கம்பளியைச் சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் நன்றாகக் கசக்கு. சுருங்கித் தடித்துவிடும், அப்புறம் எப்படி வெட்டினாலும் நூல் பிரியாது. ஓரம் அடிக்கிற வேலை மிச்சம். செயற்கை நூல் இதற்கு மசியாது, தலைமுடிக்கு வைத்துக்கொள்.

ஐப்பசி, கார்த்திகையில் காகிதக் கூழில் தலை செய்யாதே. பூம்பாறைப் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் உள்ளே காயாமல் பூஞ்சை பிடிக்கும். மாசி வெயிலுக்கு வைத்துக்கொள். அப்போதும் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கச் சொல்வார்கள். அது விஷம், பிள்ளைகள் வாயில் வைக்கும் பொம்மைக்கு வேண்டவே வேண்டாம். மழைக்காலத்துக்குத் துணித்தலைதான். சாக்ஸ் நுனியில் பஞ்சு அடைத்து, நடுவில் விரல் நுழையும் அளவு அட்டைக் குழலைச் செருகிக் கழுத்தை இறுக்கிக் கட்டு. பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்த மாமாவுக்கு இன்னும் சுலபம்: சந்தன நிறத் துணி, முடி வேலையே இல்லை.

கண்ணுக்குப் பொத்தான் அழகுதான். மூன்று வயதுக்குள் பிள்ளை இருந்தால் நூலாலேயே தைத்துவிடு.

ஓவியர் பால் க்ளே தன் மகன் பெலிக்ஸுக்காக 1916 முதல் 1925 வரை ஏறக்குறைய 50 கைப்பொம்மைகள் செய்தார். தீப்பெட்டி, மாட்டெலும்பு என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் பொம்மையானது. பெரிய கண்களோடு தன்னையும் ஒரு பொம்மையாகச் செய்துகொண்டார். நீயும் உன்னைச் செய். மற்றவர்களைக் கிண்டலடிக்க அப்போதுதான் உரிமை வரும்.

அப்பாவுக்கு முன்பக்கம் ஒரு பை தைத்துப் பஞ்சு அடை, தொப்பை வந்துவிடும். “எனக்கு இவ்வளவா?” என்று கட்டாயம் கேட்பார். பஞ்சை எடுத்துவிடாதே.